பிரிந்துபோவது உரிமை என்றால் அமெரிக்கத் தெற்கு செய்தது மட்டும் எப்படிப் பிழை?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

வணக்கம் எல்லோருக்கும். நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் பின்னேரங்களில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டு கிழமையாக மண்டை குடைகிறது, அதுதான் இங்கே கேட்கிறேன்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு அட்லாண்டாவிலிருந்து பெரியப்பா வந்து நின்றார். இரவு முற்றத்தில் பாயைப் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெடியன், அமெரிக்காவில் அடிமைமுறைக்காகச் சண்டை நடந்ததாமே என்று கேட்டான். பெரியப்பா உடனே, "அது வென்றவன் எழுதின கதை மோனை. தெற்கு மாநிலங்கள் தங்களைத் தாங்களே ஆளப் பிரிந்துபோகக் கேட்டன, வடக்கு விடாமல் படை அனுப்பி அடித்தது. அடிமைமுறை பிறகு ஒட்டின சாட்டு. வன்னியில் இருந்துகொண்டு இது உனக்கு விளங்காதா?" என்றார். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதுதான் படுத்த பிறகு அந்தரமாக இருந்தது.

பிரிந்துபோகும் உரிமை என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் இருக்க வேண்டும் அல்லவா? 1860-61இல் 11 மாநிலங்கள் கேட்டால் பிழை, வேறு ஆட்கள் கேட்டால் சரி என்று எந்த வாயால் பிள்ளைகளுக்குச் சொல்வது? அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி லிங்கன்கூட, ஓர் அடிமையையும் விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று எழுதியிருக்கிறார், பெரியப்பா போனில் எடுத்துக் காட்டினார். பெடியன் காணும் நேரமெல்லாம் கேட்கிறான். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கனகராயன்:

பிள்ளை, தலையாட்டினதுக்குக் கவலைப்பட வேண்டாம், பிறகு யோசித்தீர்களே அது போதும். நான் நெடுங்கேணிப் பக்கத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் கேள்வி என்னிடமும் வந்திருக்கிறது.

சண்டை முடிந்த பிறகு சொல்லப்பட்டதை எல்லாம் முதலில் ஒரு பக்கம் தள்ளி வையுங்கள், வென்றவன் சொன்னதையும் தோற்றவன் சொன்னதையும். பிரிந்துபோனவர்கள் பிரிந்த அந்த நாட்களில் தங்கள் கையால் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். லிங்கன் 1860 நவம்பரில் தேர்தலில் வென்றார். அவர் பதவியேற்கவே இல்லை, அதற்குள் டிசம்பர் 20இல் தென் கரோலினா பிரிந்துவிட்டது. நாலு நாளில் ஏன் பிரிகிறோம் என்று ஓர் அறிக்கையும் போட்டது. அதில் முதல் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ஓடிப்போன அடிமைகளை வடக்கு மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை என்பது. நியூயோர்க் தன் மண்ணூடாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போவதற்கே விடுவதில்லை என்று இன்னொரு முறைப்பாடு. கவனியுங்கள், பிரிந்துபோக மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதித்தான் இருக்கிறார்கள், ஆனால் முறைப்பாடுகள் வேறு. வடக்கு மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பாவித்து அடிமைகளைக் காப்பாற்றுகின்றன, அதை மத்திய அரசு தடுக்கவில்லை என்றுதான் கோபப்படுகிறார்கள். உங்கள் பெரியப்பா சொன்னதுக்கு நேர் எதிர்.

மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் வெளிப்படை. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது, அதுவே உலகின் மிகப் பெரிய பொருள்வளம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். 1861 மார்ச்சில் தெற்கு தனக்கென்று ஓர் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டபோது, கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றப்படாது என்று அதற்குள்ளேயே பூட்டுப் போட்டார்கள். புதிதாகச் சேரும் நிலப்பரப்புகளிலும் அடிமைமுறைக்குப் பாதுகாப்பு. அதே மாதம் 21ஆம் திகதி தெற்கின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரத்தில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று சொன்னார். இதே ஸ்டீபன்ஸ் தோற்ற பிறகு பெரிய புத்தகம் எழுதினார், அதில் சண்டை மாநில உரிமைக்காகத்தான் நடந்தது என்று கதை மாறிவிட்டது. பெரியப்பா கேள்விப்பட்டது இந்த இரண்டாவது ஸ்டீபன்ஸை. அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்ற பாறையில் தெற்குத் தலைவர்கள் மூவரைக் குதிரையோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், அந்த வேலை முடிந்தது 1972இல். சண்டை முடிந்து 100 வருசத்துக்கு மேல். இப்படித்தான் கதை கல்லில் ஏறும்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. 2008 கடைசியில் தொடங்கி 2009 வரை, எந்தத் திகதி எந்த இடத்தில் கொட்டில் போட்டோம், அரிசி என்ன விலை, யார் செத்தது என்று பென்சிலால் எழுதினது, மழை பட்டுப் பாதி அழிந்துவிட்டது. இன்றைக்கு அதே நாட்களைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு மாதிரிக் கதைக்கும்போது, நானே என் ஞாபகத்தை நம்பாமல் அந்தக் கொப்பியைத்தான் திறந்து பார்க்கிறேன். என் ஞாபகம் பல இடத்தில் பிழை.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் அன்று வாழ்ந்த சனத்தில் பாதிக்கு மேல் அடிமைகள். நாடு முழுக்கச் சேர்த்தால் 40 இலட்சத்துக்குக் கிட்ட. பிரிவோமா என்று முடிவெடுத்தபோது இவர்களில் ஓர் ஆளிடமாவது கேட்டார்களா? கேட்காமல், ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கட்டிவைத்துக்கொண்டு, எங்களை நாங்களே ஆளப்போகிறோம் என்றால் அந்த "நாங்கள்" யார்? 1976 மே மாதம் தனித் தமிழீழம் கேட்டு வட்டுக்கோட்டையில் நிறைவேற்றிய தீர்மானத்தை எடுத்து இதற்குப் பக்கத்தில் வையுங்கள். கேட்கும் நாட்டில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை சட்டப்படி தண்டிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிறகு நடந்ததெல்லாம் நீண்ட கதை, அதை இங்கே இழுக்கவில்லை. ஆனால் ஒருவர் பிரிந்துபோகக் கேட்டால், எதற்காக, யாரைச் சேர்த்துக்கொண்டு, யாரை அடக்கிவைக்க என்று கேட்காமல் சரி பிழை சொல்ல ஏலாது.

லிங்கனின் கடிதம் 1862 ஆகஸ்ட் 22. பெரியப்பா காட்டின வரி அதில் உண்மையாகவே இருக்கிறது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னரே, ஜூலை 22இல், தெற்கின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் தன் அமைச்சர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டார் என்பதையும் பெடியனுக்குச் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி:

ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் இதை வாசித்துவிட்டு ரீச்சர் வகுப்பில் வடக்கைத் தெய்வமாக்கிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அடிமைமுறை இருந்த நாலு மாநிலங்கள், டெலவெயர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி, வடக்கோடுதான் நின்றன. 1863 ஜனவரி 1இல் வந்த பிரகடனம் அவற்றைத் தொடவில்லை. சண்டை தொடங்குவதற்கு முந்தின மாதம், ஏற்கனவே அடிமைமுறை உள்ள இடங்களில் மத்திய அரசு கைவைக்காது என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றித் தெற்கைத் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தது. அவ்வளவு இறங்கிப் போனார்கள், தெற்கு அதற்கும் வரவில்லை. 1863 ஜூலையில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு எதிராக நியூயோர்க்கில் கலவரம் வெடித்து, கறுப்பர்களைத் தெருவில் அடித்துக் கொன்றார்கள், கறுப்பினப் பிள்ளைகளின் அநாதை இல்லத்தையே கொளுத்தினார்கள். 300 டொலர் கட்டினால் வடக்கில் படைக்குப் போகாமல் தப்பலாம், தெற்கில் 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு. யாருடைய பிள்ளை போனது, யாருடைய பிள்ளை வீட்டில் நின்றது என்று எங்கள் சனத்துக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,80,000 பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர், இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 வெட்டு. மாசச்சூசெட்ஸ் 54ஆவது படைப்பிரிவினர், சமமாகத் தராவிட்டால் ஒரு சதமும் வேண்டாம் என்று சம்பளத்தையே வாங்காமல் சண்டைக்குப் போனார்கள். 1864 ஜூனில்தான் சமமாக்கினார்கள். எனக்கு இந்தப் போரில் மிகவும் பிடித்த ஆட்கள் இவர்கள்தான்.

பருத்தியையும் விடாதீர்கள். அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பெறுமதி தெற்குப் பருத்தி. அதை நூற்றது இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளும் வடக்கின் ஆலைகளும். சண்டையில் துறைமுகங்களை மறித்ததும் லங்காஷயரில் ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி. அப்படியிருந்தும் மன்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 கடைசி நாளில் கூடி லிங்கனுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்கள், அவர் பதிலும் எழுதினார். அந்த நாலு வருசம் பஞ்சுக்கு விலை ஏறி திருநெல்வேலி கரிசல் காட்டு வியாபாரிகள்வரை காசு பார்த்தார்கள். தெற்கின் அடிமைமுறையில் கை நனைக்காத நாடு அன்று குறைவு.

பாரதிபுரம்:

ரீச்சர் அக்கா, நான் கிளிநொச்சியில் இருக்கிறேன், எங்கள் ஆட்கள் மலையகத்திலிருந்து 77 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். இந்த இழையை வாசிக்க வாசிக்க ஒரு விசயம் உறுத்துகிறது. அடிமைமுறை என்றால் அமெரிக்காவில் நடந்தது என்று எல்லோரும் தூரத்தில் வைத்துக் கதைக்கிறோம். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, எந்தச் சாதியார் அடிமை, அவர்களுடைய பிள்ளை யாருக்குச் சொந்தம் என்று. இலங்கையில் சட்டப்படி அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844இல். அமெரிக்கச் சண்டைக்கு 17 வருசம்தான் முந்தி. கனகராயன் ஐயா, வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் சாதி ஒழியும் என்று இருப்பது நல்லது, நான் மறுக்கவில்லை, ஆனால் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் அம்மாவை ஒரு கிணற்றில் அள்ளவிடாமல் நிற்கவைத்து வேறொருவர் அள்ளி ஊற்றியதை நான் பார்த்தேன். அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே வீட்டுக்கு வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் எழுதினதைப் பார்க்கச் சொன்னீர்கள், கிணற்றடியையும் பார்க்க வேண்டும்.

எங்கள் முன்னோர் அடிமைகள் இல்லை, அதையும் தெளிவாகச் சொல்கிறேன், இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் உண்மையான அடிமைகள் பட்டதைக் குறைத்த மாதிரி ஆகிவிடும். எங்களைச் சந்தையில் ஏற்றி விற்கவில்லை. ஆனால் கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி இந்த வன்னிக் காட்டூடாக மாத்தளைக்கு நடந்தபோது வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023இல், எங்கள் ஆட்கள் வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியே நடந்தார்களே, நான் மதவாச்சிவரை போனேன், தார் ரோட்டிலேயே கால் கொப்பளித்துவிட்டது. தோட்டத்துக்கு வந்த பிறகு, கடன் தீர்ந்தது என்று துரை துண்டு கொடுத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். கடன் தீராது. அதனால் துண்டும் வராது.

இதைச் சொல்லக் காரணம், அமெரிக்காவில் விடுதலைக்குப் பிறகு நடந்ததும் கடன்தான். 1865 ஜனவரியில் ஷேர்மன் என்ற தளபதி, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கரையோர நிலங்களை விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். ஆயிரக்கணக்கான ஆட்கள் அந்த மண்ணில் குடியேறினார்கள், வெட்டித் துப்புரவாக்கி விதைத்தார்கள். லிங்கனைச் சுட்ட பிறகு வந்த ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்த வருசமே நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு என்ன, அதே முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து, அவனுடைய கடையிலேயே கடனுக்கு விதையும் மாவும் வாங்கி, அறுவடையில் பாதியைக் கொடுத்து, மிச்சத்தையும் கடனுக்கு விட்டு... நாங்கள் காடு வெட்டி இருக்கிற காணிக்கு இன்றுவரை உறுதி இல்லை. தென்னை காய்க்கிறது, தாள் இல்லை. அந்த 40 ஏக்கர் கதையை முதலில் வாசித்தபோது அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "பயிர் நிற்கும்போதா எழுப்பினார்கள்?" என்று கேட்டார்.

இன்னொன்று. அடிமைகளை யாரோ வந்து விடுவித்தார்கள் என்று மட்டும் வகுப்பில் சொல்லாதீர்கள். 1861 மே மாதம், சண்டை தொடங்கி ஆறு கிழமைக்குள், வேர்ஜினியாவில் மூன்று பேர் இரவோடு இரவாகப் படகில் மன்ரோ கோட்டைக்குப் போய் வடக்குப் படையிடம் தஞ்சம் கேட்டார்கள். முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டும் தளபதி கொடுக்கவில்லை. கதை பரவிச் சனம் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியது, அப்போது லிங்கனின் பிரகடனம் எங்கே இருந்தது? ரொபேர்ட் ஸ்மோல்ஸ் என்ற 23 வயது அடிமை 1862 மே 13 விடியப்புறம் பிளான்டர் என்ற தெற்குப் படைக் கப்பலையே, தன் மனைவி பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, சார்ல்ஸ்டன் துறைமுகக் கோட்டைகளுக்கு முன்னால் கப்டனின் தொப்பியைப் போட்டு, சரியான சங்கு ஊதி ஓட்டிப் போய் வடக்கிடம் ஒப்படைத்தார். பிறகு காங்கிரசுக்கும் தெரிவானார். பெடியனுக்கு இவரைச் சொல்லுங்கள் அக்கா.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பாரதிபுரம் தங்கச்சி, கிணற்றடிக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றியும் நான் யோசிக்க வேண்டும்.

கனகராயன் ஐயா எழுதினதைப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார். ஸ்டோன் மவுண்டனுக்குக் குடும்பமாகப் பல தரம் போயிருக்கிறாராம், சாப்பாடு கட்டிக்கொண்டு. மூலைக்கல் பேச்சை வாசித்துவிட்டு, "இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார், பிறகு கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார், அது நியாயம்தான்: தெற்கில் அடிமை வைத்திருந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் என்றால், மற்றக் குடும்பத்துப் பெடியங்களும் அங்கே செத்தார்களே, அந்தச் சனம் பட்டது துன்பம் இல்லையா?

இரணைப்பாலை:

துன்பம்தான். யார் இல்லை என்றது? இரண்டு பக்கமும் சேர்த்து 6,20,000 பேர் செத்ததாகத்தான் நெடுங்காலம் எழுதினார்கள், பிந்திய கணக்குகள் இன்னும் கூட்டிச் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி வெடிபட்டு இல்லை, வயிற்றோட்டமும் காய்ச்சலும்.

விக்ஸ்பேர்க் என்று மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு நகரம். 1863இல் 47 நாள் முற்றுகை. செல்லுக்குப் பயந்து சனம் களிமண் மேடுகளைக் குடைந்து குகைக்குள் இருந்தது, கட்டில், கம்பளம் எல்லாம் உள்ளே கொண்டுபோய். கோவேறு கழுதை இறைச்சி சாப்பிட்டார்கள். கடுதாசி முடிந்து, சுவரில் ஒட்டுகிற தாளின் பின்பக்கத்தில் பத்திரிகை அடித்தார்கள். ஜூலை 4 சரணடைந்தது. இதை முதல்தரம் வாசித்தபோது என் கை நடுங்கியது. நாங்கள் அம்மாவின் கூறைச்சேலையை வெட்டி மண்மூட்டை தைத்துப் பங்கருக்கு மேல் அடுக்கினவர்கள். சிவப்புப் பட்டு, சரிகைக் கரை, அதற்குள் கடற்கரை மணல். தையல் பிரிந்து மணல் கொட்டுகிற சத்தம் இரவில் கேட்கும்.

அதனால் விக்ஸ்பேர்க் சனத்துக்காக என் மனம் முதலில் உருகினது. பிறகுதான் அந்தக் குகைகள் பலவற்றை வெட்டினது அடிமைகள் என்று வாசித்தேன். உள்ளே பிள்ளையை அணைத்துக்கொண்டு பயந்திருந்த தாயின் பயம் பொய் இல்லை, வெளியே மண்வெட்டியோடு நின்ற ஆளின் கதையும் பொய் இல்லை, அந்த ஆளுக்கு வந்துகொண்டிருந்த படை விடுதலை. பெரியப்பாவிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பட்ட துன்பத்தை வைத்து எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்பதை மாற்றி எழுத முடியாது, எதற்காக என்பதை வைத்துத் துன்பத்தை இல்லையென்றும் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் காட்டலாம் என்றால் நான் விளம்பரங்களைக் காட்டுவேன். சண்டை முடிந்த பிறகு விடுதலையானவர்கள் கறுப்பினப் பத்திரிகைகளில் தகவல் வேண்டும் என்று போட்டவை. விற்கப்பட்டுப் பிரிந்த தாய், பிள்ளை, கூடப்பிறந்தவர்களைத் தேடி. அம்மாவின் பெயர், அப்போது எங்கள் முதலாளி இன்னார், இன்ன ஊரில் என்னை இன்னாருக்கு விற்றார், அப்போது எனக்கு வயது இவ்வளவு என்று எழுதி, பாதிரிமார் தயவுசெய்து இதைத் தேவாலயத்தில் வாசியுங்கள் என்று கேட்டிருப்பார்கள். ஒருவருக்குக் குடும்பப் பெயர்கூடத் தெரியாது, முதலாளியின் பெயர்தான் தெரியும், தன் தாயைக் கண்டுபிடிக்க அவனுடைய பெயரைத்தான் எழுத வேண்டும். 1865க்குப் பிறகு பல பத்து வருசம் இந்த விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. தேடினவர்களுக்குத் தலை நரைத்த பிறகும்.

கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கின, காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரின் போராட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். அண்ணாவின் படத்துக்குக் கீழே வயது எழுதும்போது காணாமல்போன அன்றைய வயதா, இன்றைய வயதா என்று அம்மா கேட்டார். அன்றைய வயதை எழுதினோம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

இன்றைக்கு வகுப்பில் சொன்னேன். ஸ்மோல்ஸின் கதைக்குப் பெடியங்கள் எழும்பிவிட்டார்கள், சங்கு எத்தனை தரம் ஊத வேண்டும் என்று ஒருவன் கேட்கிறான். விளம்பரங்களைச் சொன்னபோது பின்வாங்கில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது, அதன் வீட்டில் யார் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் அதோடு நிறுத்திவிட்டுத் திகதிகளுக்குப் போனேன். பாரதிபுரம் தங்கச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள், 40 ஏக்கர் கதையில் இங்கேயும் ஒரு பிள்ளை பயிரைப் பற்றித்தான் கேட்டது.

ஐயா, தென் கரோலினா அறிக்கையின் முக்கியமான பந்திகளைத் தமிழில் எழுதிப் பிள்ளைகளுக்குப் போட்டோக்கொப்பி கொடுக்கலாம் என்று தொடங்கியிருக்கிறேன். ஓர் இடத்தில் நிற்கிறேன். அமெரிக்காவின் பழைய அரசியலமைப்பு அடிமை என்ற சொல்லையே பாவிக்கவில்லை, "வேலைக்கோ உழைப்புக்கோ கட்டுண்ட ஆள்" என்று சுற்றி வளைத்துத்தான் எழுதியிருக்கிறது, அறிக்கை அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. தெற்கு பிறகு தனக்கு எழுதின அரசியலமைப்பில்தான் அடிமை என்று நேரடியாக வருகிறது. நான் பழையதில் உள்ளபடியே "கட்டுண்ட ஆள்" என்று விட்டால் பிள்ளைகளுக்கு விளங்காமல் போகும், அடிமை என்று போட்டால் அவர்கள் மறைத்ததை நான் திறந்த மாதிரி ஆகும். எப்படி எழுதலாம், நாளை பின்னேரத்துக்கு முதல் யாராவது சொல்வீர்களா?

கனகராயன்:

உள்ளபடியே எழுதுங்கள் பிள்ளை. கரும்பலகையில் பக்கத்தில் அடிமை என்று நீங்கள் எழுதாமல், அந்தப் பெடியனைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.